எங்கள் அம்மா வாசிக்கும்படி ஒரு மெனு கார்டு

சென்னையின் நட்சத்திர ஓட்டல்களை நடத்தும் பொது மேலாளர்களுக்கும், அவற்றின் தலைமைச் செஃப்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்பு பார்க்கிறேன். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம், 20 வருடமாகச் சென்னை. அப்பாவுக்கு இந்த ஆவணியில் 70 வயது நிறைந்தது. திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்துவிட்டு வந்தோம். அப்புறம் நானும் தம்பியும் தங்கையும் பணம் சேர்த்து, அவரையும் அம்மாவையும் சென்னையின் பெரிய ஓட்டல் ஒன்றில் ஓர் இரவு தங்க வைத்தோம். அந்த ஓட்டலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்தது வேறு எந்த ஓட்டலிலும் நடந்திருக்கலாம். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் கேட்கப் போவது உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் மிகவும் சந்தோஷம், நீங்கள் மேற்கொண்டு வாசிக்கவே வேண்டாம்.

அப்பா அரசுப் பேருந்தில் 32 வருடம் நடத்துநராக இருந்தவர். சென்னை வண்டியில் வரும்போதெல்லாம் அந்த ஓட்டல் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார், உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. போய் இறங்கியதும் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டதனம். அம்மாவுக்கு மூட்டுவலி. அவர் காரிலிருந்து காலை ஊன்றத் தடுமாறியதைப் பார்த்த மாத்திரத்தில், நாங்கள் கேட்காமலே சக்கர நாற்காலி வந்தது. கைகூப்பி அழைத்துப் போனார்கள். லாபியில் பெரிய உருளி நிறையத் தண்ணீர், அதில் தாமரை. அம்மா அந்தத் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு பெண் அவருக்கு மல்லிகைச் சரம் கொடுத்தார். அப்பா வாசலில் நின்று, வெளியே போகும் பேருந்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு பேர் உட்கார்ந்தோம். மெனு கார்டு வந்தது. கனமான தாள், சுத்தமான அச்சு. என் வேலை அப்படி, எதைக் கொடுத்தாலும் முதலில் தாளைத்தான் தடவிப் பார்ப்பேன். அம்மா கையிலும் ஒன்று கொடுத்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிரித்தார். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார். அப்புறம் மெதுவாக மூடி மடியில் வைத்துக்கொண்டு, "நீயே சொல்லும்மா, எனக்கு எதுவானாலும் சரி" என்றார்.

அம்மா படிக்காதவர் இல்லை. நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் வாசிப்பவர். நான் வீட்டுக்குக் கொண்டுவரும் படிகளில் என் கண்ணுக்குத் தப்பிய ஒற்றுப்பிழையை இரண்டு முறை கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அவரை, அவர் பிறந்து வளர்ந்த மாநிலத்தின் தலைநகரில், எழுத்தே தெரியாதவர்போல் அந்த அட்டை உட்கார வைத்துவிட்டது. அதில் அவரால் வாசிக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான், சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி. அன்று சனிக்கிழமை, அம்மா கவுச்சி சாப்பிட மாட்டார். ஒவ்வொரு பச்சைப் புள்ளியையும் விரலால் தொட்டு, "இது நமக்கு ஆகும், இதுவும் ஆகும்" என்றார். என்ன பதார்த்தம் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு ஆங்கில எழுத்து தெரியும். கூட்டிக் கூட்டி வாசித்தார். "டெம்பர்டு லென்டில் பிராத்" என்று ஒரு வரி. என்னது என்று கேட்டார். ரசம் என்றேன். இன்னொன்று, "பேபி ஆபர்ஜின் இன் டாமரின்ட் அண்டு செசமி". எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்கள் தெருவில் கல்யாணம், காதுகுத்து எது என்றாலும் அந்தக் குழம்புக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். "நம்ம கொழம்பையா இப்படி எழுதியிருக்காங்க?" என்றார்.

சமைத்தவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அந்தக் குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது. காம்பு கிள்ளாத பிஞ்சுக் கத்தரிக்காய், நாலாக வகிர்ந்தும் குலையாமல் இருந்தது. எள்ளும் தனியாவும் வறுத்து அரைத்த வாசனை, மேலே பிரிந்து நின்ற நல்லெண்ணெய். அம்மா இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். சமையலறையில் இருந்த கைக்கு அந்தக் குழம்பு என்னவென்று தெரிந்திருக்கிறது. அதைச் சாப்பிட்டவருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவே இருந்த அட்டைக்குத்தான் அதன் பெயர் தெரியவில்லை.

அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கலோரிக் கணக்கு அச்சடித்திருந்தார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கொண்டுவந்த விதி அது. மத்திய உரிமத்தில் நடக்கும் உணவகங்களும், 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருப்பவையும், ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிலோகலோரி என்று மெனுவிலேயே காட்ட வேண்டும். பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை என்று சிலருக்கு ஒத்துக்கொள்ளாதவை சேர்ந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நல்ல விதி. அப்பாவைப் போன்றவர்கள் பார்த்துச் சாப்பிட வேண்டும் என்றுதானே அது வந்தது. ஆனால் அவர் பாயசத்துக்கு நேரே இருந்த கலோரி எண்ணை விலை என்று நினைத்து, "பரவாயில்லையே, ஒண்ணு சொல்லு" என்றார்.

எங்கள் மேசைக்குப் பரிமாறிய பையன் மிசோரமிலிருந்து வந்தவர், 23 வயதிருக்கும். அவரைப்போல் பொறுமையான ஆளை நான் பார்த்ததில்லை. அம்மா "தம்பி, கொஞ்சம் வெந்நி" என்றதும் திகைத்து நின்றார். நான் சொன்னதும் ஓடிப்போய்க் கொண்டுவந்தார், ஆறியதும் தானாகவே இன்னொரு குவளை கொண்டுவந்து வைத்தார். போகும்போது அம்மா அவர் கன்னத்தைத் தொட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தை அவருக்குத் தெரிந்திருந்தது. "சாப்பாச்சு அம்மா" என்றார். இத்தனை தூரம் வந்து வேலை பார்க்கும் பிள்ளைகளைக் குறை சொல்ல இந்த மடலை யாரும் பயன்படுத்திவிடக் கூடாது. அவருக்கு 50 தமிழ்ச் சொல் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் போதும். வெந்நீர், சாதம், காரம் கம்மி, சர்க்கரை வேண்டாம், மெதுவாக வாங்க, படி இருக்கு. அவ்வளவுதான் வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நீங்கள்.

ஒன்பதரைக்கு நாங்கள் எல்லோரும் கிளம்பிவிட்டோம். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு மறுநாள்தான் முழுதாகத் தெரிந்தது. கதவுக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருந்த அறைச் சாவி அட்டை தொலைந்துவிடப் போகிறதே என்று அப்பா அதை எடுத்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது, ஏசியும் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய இடத்தில் ஜெனரேட்டர் போடாமலா இருப்பார்கள் என்று இருட்டில் கட்டில் ஓரமாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். தொலைபேசியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை, யாரையும் தொந்தரவு செய்யவும் மனமில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். "அந்த அட்டையைத் திரும்பச் சொருகுங்கப்பா" என்றேன். அட்டையைச் சொருகும் இடத்துக்கு மேலேயே அதற்கான குறிப்பு இருந்ததாம், ஆங்கிலத்தில். வீட்டில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபது வயதில் அவரைப் பெருமைப்படுத்தத்தான் அங்கே கூட்டிப்போனோம்.

குளியலறையிலும் இதே கதைதான். ஒரே ஒரு கைப்பிடி. அதை மேலே தூக்கினால் தண்ணீர், ஒரு பக்கம் திருப்பினால் சூடு, இன்னொரு பக்கம் குளிர். தலைக்கு மேலிருந்து கொட்டும். அம்மா வாழ்நாளில் நின்றுகொண்டு ஷவரில் குளித்தவர் இல்லை. ஈரத் தரையில் வழுக்கிவிடுமோ என்ற பயம் வேறு. காபிக் கோப்பையில் வாஷ்பேசினிலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றிக் குளித்திருக்கிறார். காலையில் ரிசப்ஷனில் சொன்னபோது அந்தப் பெண் உண்மையாகவே வருத்தப்பட்டார். "கேட்டிருந்தா வாளியும் மக்கும் அனுப்பியிருப்போமே மேம், ஸ்டூல்கூட இருக்கே" என்றார். கேட்டால் கிடைக்கும் என்பது கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். நீச்சல்குளம், ஸ்பா, உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் பளபளப்பான புத்தகத்தில் படத்தோடு இருந்தன. வாளியைப் பற்றி ஒரு வரி இல்லை.

காபியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நாலரைக்கு எழுந்துவிடுவார்கள். காலை உணவகம் திறப்பது ஆறரைக்கு. நடுவே அறையில் இருப்பது கெட்டிலும் தூள் பொட்டலமும் பால்பொடியும். கெட்டிலைத் தொடவே அம்மாவுக்குத் தயக்கம், உடைத்துவிட்டால் எவ்வளவு கேட்பார்களோ என்று. இரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறார்கள். முதல் நாள் இரவே ஒரு ஃபிளாஸ்கில் பால், இன்னொன்றில் டிகாக்ஷன், இரண்டு டபரா டம்ளர் வைத்துவிடலாம். இல்லையென்றால் ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி ஃபில்டர் காபி கொடுக்கலாம். இதைச் செய்யும் ஓட்டலுக்கு வாழ்நாள் முழுக்க வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

காலை பஃபேயில் இட்லி மூடிபோட்ட பாத்திரத்தில் இருந்தது. அடியில் வெந்நீர், அதற்கும் கீழே சின்ன நெருப்பு. உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தப் பாத்திரத்தில் கிடந்தால் இட்லியின் அடி நனைந்து போகும், மூடியைத் திறந்து திறந்து மேல்பக்கம் காய்ந்து தோல் தட்டும். பிரியாணி தாங்கும், உருளைக்கிழங்கு தாங்கும், இட்லி தாங்காது. அது தட்டிலிருந்து எடுத்த ஐந்தாவது நிமிடத்துக்கான பண்டம். சின்னத் தட்டில் ஆறு ஆறாக வேகவைத்து மேசைக்கே அனுப்பினால் மாவும் வீணாகாது. தெருமுனைக் கடைக்காரர் அப்படித்தான் செய்கிறார்.

ஆனால் பத்தடி தள்ளித் தோசைக் கல் இருந்தது. கல்லுக்குப் பின்னால் நின்றவர் உளுந்தூர்பேட்டைக்காரர். "அம்மா, முறுகலா, மெத்துன்னா?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், அம்மா நாற்காலியை அங்கேயே தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். மாவு என்ன பங்கு என்று விசாரணை தொடங்கியது. நாலுக்கு ஒன்று என்றார் அவர். வெந்தயம் போடுவீர்களா, போடுவோம். நிறம் வர என்ன செய்கிறீர்கள், ஒரு கைப்பிடி கடலைப்பருப்பு. "அவல் கொஞ்சம் போட்டுப் பாருப்பா" என்றார் அம்மா. அவர் தலையாட்டிக்கொண்டே அப்பாவுக்கு ராகி தோசை வார்த்துக் கொடுத்தார், சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லி. அந்த ஓட்டலில் தங்கிய ஒரு நாளில் அம்மா விருந்தாளியாக இருந்தது அந்தப் பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் இருந்தார்.

இந்த ஊரின் பெரிய ஓட்டல்கள் நம் சமையலுக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. 1989இல் டி.டி.கே. சாலையில் தக்ஷின் தொடங்கி, தென் மாநிலங்களின் சாப்பாட்டுக்கென்றே ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குள் ஓர் இடம் வைத்தார்கள். அந்த ஓட்டல் 2023 டிசம்பரில் மூடியபோது வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. முதல் சம்பளத்தில் அங்கே சாப்பிட்ட தோழி ஒருத்தி எனக்கு உண்டு. கன்னிமாரா ஓட்டலின் ரெயின்ட்ரீ உணவகம் செட்டிநாட்டுச் சமையலுக்குப் பெயர் பெற்றது. தாஜ் கோரமண்டலில் சதர்ன் ஸ்பைஸ் உணவகம் இருக்கிறது. 1974இல் வந்த அந்த ஓட்டலின் பெயரே சோழமண்டலம் வெளிநாட்டார் வாயில் மருவியதுதான். கிண்டியில் 2012இல் திறந்த ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டல் சோழர் பெயரை நேராகவே வைத்துக்கொண்டது. அங்கே இருக்கும் அவர்த்தனா 2024இல் ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலுக்குள் வந்தது. தெளிய வடித்த தக்காளி ரசத்தைக் கண்ணாடிக் கோப்பையில் கொடுத்து, உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இந்தச் சமையலெல்லாம் எங்கிருந்து வந்தது? செஃப்கள் பலர் பேட்டிகளில் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய், வீடுகளில் அடுப்படியில் நின்று, பாட்டிகளிடமும் ஆச்சிகளிடமும் பதம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். கேட்டது தமிழில், சொன்னது தமிழில். அட்டையில் ஏறும்போது மட்டும் அந்தப் பெண்களுக்குப் புரியாத மொழியாகிவிடுகிறது. என் மனதை அறுப்பது இதுதான். எங்கள் அம்மா மாதிரி ஒருவர் சொல்லிக்கொடுத்த குழம்பு, எங்கள் அம்மா முன்னால் வந்து, இது உனக்குப் புரியாது என்கிறது.

நான் ஆங்கிலத்தை எடுக்கச் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் வருபவர்களுக்கு அது வேண்டும். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தமிழும் இருக்கட்டும். கேட்டால் எடுத்துத் தரும் தனி அட்டையாக வேண்டாம். கேட்பதற்கே கூச்சப்படுபவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்க வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. மெனுவுக்கும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விதி வந்தால் பேருக்கு ஒன்று அச்சடித்து இழுப்பறையில் வைத்துவிடுவார்கள். நீங்களாக மனம் வைத்துச் செய்தால்தான் அது நன்றாக வரும்.

எப்படிச் செய்வது என்பதில் எனக்கு அனுபவம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழ் வேண்டாம். "டெம்பர்டு லென்டில் பிராத்"தை "தாளித்த பருப்புக் குழம்பு" என்று திருப்பிப் போட்டால் இன்னும் மோசம். ரசம் என்று எழுதினால் போதும். மிளகு ரசமா, பூண்டு ரசமா என்று சேர்த்தால் இன்னும் நல்லது. மீன்களுக்குத் தமிழ்ப் பெயர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஆங்கிலம் படித்த எங்களுக்கே அந்த ஆங்கிலப் பெயர்கள் மனதில் ஒட்டுவதில்லை. சீர் ஃபிஷ் என்றால் ஒன்றும் தோன்றாது, வஞ்சிரம் என்றால் என் தம்பி நிமிர்ந்து உட்காருவான். பாம்ஃப்ரெட் வவ்வால், ஆங்கோவி நெத்திலி, ரெட் ஸ்நாப்பர் சங்கரா, சீ பாஸ் என்று நீங்கள் எழுதுவது பெரும்பாலும் கொடுவா. காசிமேட்டில் ஏலம் போகும்போது அவற்றுக்கு இந்தப் பெயர்தான். வெளிநாட்டுப் பதார்த்தங்களின் பெயரை மாற்ற வேண்டாம், அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுக் கீழே ஒரு வரி சொல்லுங்கள். ரிசோட்டோ என்றால், சீஸ் சேர்த்துக் குழைய வேகவைத்த இத்தாலி நாட்டுச் சோறு. எங்கள் அம்மா அதை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுவார், அது சோறு என்று தெரிந்தால். கலோரி எண்ணுக்குப் பக்கத்தில் கலோரி என்று தமிழிலும் போடுங்கள். இனிப்பு சேர்த்தது, வேர்க்கடலை சேர்த்தது என்பதையும்.

அறையில் ஒரே ஒரு தாள் போதும், பெரிய எழுத்தில். அட்டையை எடுத்தால் விளக்கு அணையும். சுடுதண்ணீர் எந்தப் பக்கம். வாளி, மக், முக்காலி வேண்டுமென்றால் எந்த எண். கெட்டிலை எப்படிப் போடுவது. தமிழில் பேச வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது. காபி எத்தனை மணிக்கு.

செலவைப் பற்றி யோசித்தால், மெனுவைப் பருவத்துக்கு ஒரு முறை எப்படியும் மாற்றி அச்சடிக்கிறீர்கள். அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது இதையும் சேர்த்தால் முடிந்தது. மொழிபெயர்ப்புக்கு ஆளில்லை என்றால் நான் இருக்கிறேன். உங்களில் யார் கேட்டாலும், முதல் மெனுவை நானே தமிழில் எழுதி, மெய்ப்பும் பார்த்துக் கொடுக்கிறேன். பணம் வேண்டாம். சந்தேகம் வருகிற இடத்தில் கேட்டுக்கொள்ள அம்மா பக்கத்திலேயே இருக்கிறார்.

வருகிற தை மாதம் அவர்களுக்குக் கல்யாணமாகி 50 வருடம் ஆகிறது. இந்த முறை வீட்டிலேயே செய்துவிடலாம் என்கிறார் அம்மா. அப்பாவுக்கு மட்டும் இன்னொரு தடவை அங்கே போக வேண்டும்போல் இருக்கிறது, அந்த உளுந்தூர்பேட்டைக்காரர் கையால் ராகி தோசை சாப்பிட. மார்கழி பாதியில் நான் ஒவ்வோர் ஓட்டலாகத் தொலைபேசியில் கூப்பிடப் போகிறேன். அறை வாடகை எவ்வளவு என்று இரண்டாவதாகக் கேட்பேன். தமிழில் மெனு இருக்கிறதா என்று முதலில் கேட்பேன்.

அன்புடன்,
70 வயது நடத்துநர் ஒருவரின் மகள்